தரங்கம்பாடியில் மூன்று நாள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

உள்நாட்டில் வாழ்வோருக்குக் கடல் என்றும் தீராத வியப்பு. ஆயினும் கடலைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புவது வேறு. கடற்கரை ஊர் ஒன்றில் தங்கி அதன் வாழ்வை அறிந்து வருவது வேறு. முன்னதற்கு ஒரு வண்டி போதும். பின்னதற்குத் திட்டமிடல் வேண்டும். எப்போது செல்வது, எங்கே தங்குவது, எதைக் காண்பது, எதைச் செய்யாதிருப்பது என்னும் வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கும்போதே அவ்வூரைப் பற்றிய கல்வியும் தொடங்கிவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து பழம்பெரும் கடற்கரை ஊராகிய தரங்கம்பாடிக்குச் செல்லும் ஒரு விடுமுறைப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அமைகிறது.

ஆற்றின் வழியே கடலுக்கு

நாமக்கல் மாவட்டத்தின் பரமத்திவேலூரிலும் மோகனூரிலும் அகன்று ஓடும் காவிரி, சோழநாட்டு வயல்களில் பல கிளைகளாகப் பிரிந்து, எஞ்சிய நீருடன் பூம்புகாரில் கடலை அடைகிறது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்துள்ளது தரங்கம்பாடி. ‘தரங்கம்’ என்பதற்கு அலை என்பது பொருள். ‘பாடி’ என்பது ஊரைக் குறிக்கும். அலைகள் பாடும் ஊர் என்று மக்கள் நயமாகப் பொருள் கூறுவதும் உண்டு.

நாமக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் சாலை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுடையது. இத்தொலைவை ஒரே நாளில் சென்று திரும்ப முயன்றால், பொழுதின் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். ஊருக்குக் கிடைப்பது நடுப்பகலின் ஓரிரு மணி நேரமே. கடற்கரை ஊர் தன்னை வெளிப்படுத்தும் வைகறையும் அந்தியும் பயணிக்குக் கிட்டா. எனவே திட்டத்தின் முதல் முடிவு, குறைந்தது இரண்டு இரவுகள் தங்குவது என்பதாகும்.

ஓய்வுக்குக் கடலை நாடிய வரலாறு

கடற்கரை ஊரில் தங்கி விடுமுறையைக் கழிக்கும் வழக்கம் ஒரு பண்பாடாகவும் தொழிலாகவும் வளர்ந்த நாடு இங்கிலாந்து. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர், கடல்நீரில் குளிப்பதும் அதனைப் பருகுவதும் நோய் தீர்க்கும் என எழுதினார். அவர் குடியேறிய பிரைட்டன் என்னும் மீனவர் ஊர், விரைவில் செல்வர்கள் நாடும் இடமாயிற்று. 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1871இல் இயற்றப்பட்ட வங்கி விடுமுறைச் சட்டம் எளிய மக்களுக்கும் சில ஓய்வு நாள்களை உறுதிசெய்தது. பருத்தி ஆலைகள் ஆண்டுக்கொரு முறை மூடப்படும் வாரத்தில், ஊர் ஊராகத் தொழிலாளர்கள் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்று, குடும்பங்கள் நடத்திய சிறு விடுதிகளில் தங்கினர். ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல் வந்தது.

இந்த ஊர்களின் பொற்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1960களுக்குப் பின் மலிவான வானூர்திப் பயணம் மக்களை ஸ்பெயின் முதலிய வெயில் மிகுந்த நாடுகளுக்கு அழைத்துச் சென்றது. விருந்தினரையே நம்பியிருந்த கடற்கரை ஊர்கள் பல நலிந்தன. ஓர் ஊரின் வாழ்வும் தாழ்வும் அங்கு வந்து தங்குவோரைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அதே ஆங்கிலேயர் தமிழகத்தில் ஓய்வுக்குக் கடலைக் காட்டிலும் மலையையே மிகுதியாக நாடினர். வெப்பம் தாளாது அவர்கள் ஏறிச்சென்ற மலைகளில் சேலத்தை அடுத்த ஏற்காடும் ஒன்று. அதனால் நம் கடற்கரை ஊர்கள் துறைமுகங்களாகவும் மீனவர் ஊர்களாகவும் நிலைபெற்றன. தரங்கம்பாடிக்குச் செல்வோர், விருந்தினருக்கென்று கட்டப்பட்ட ஓய்வூருக்குச் செல்வதில்லை. தன் போக்கில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் ஊருக்குள் சில நாள் நுழைகின்றனர். திட்டமிடும்போது மறக்கக் கூடாத வேறுபாடு இது.

தெரியுமா?
கடற்காற்றில் ஓசோன் மிகுந்திருப்பதாகவும் அது உடலுக்கு நலம் தருவதாகவும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாக நம்பப்பட்டது. தரங்கம்பாடிக் கடற்கரையைப் பற்றியும் இக்கூற்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கடற்கரையின் தனி மணத்திற்குக் கடல்வாழ் நுண்ணுயிர்களால் உண்டாகும் கந்தகச் சேர்மமே முதன்மைக் காரணம். ஓசோன் செறிவாகச் சுவாசிக்கப்பட்டால் நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும். கடற்கரை நடையால் கிடைக்கும் நலனுக்குத் தூய காற்றும் உடலுழைப்பும் மன அமைதியுமே போதிய காரணங்கள்.

ஊரை முன்னரே படித்தல்

செல்லும் ஊரின் வரலாற்றை அறியாதவருக்குக் கோட்டை வெறும் சுவராகவும் கோயில் வெறும் கல்லாகவும் தோன்றும். தரங்கம்பாடியின் கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரபட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. கடலரிப்பு அக்கோயிலின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. எஞ்சிய பகுதி அண்மைக் காலத்தில் புதுப்பிக்கப்பட்டுள்ளது.

1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர், இங்கு டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அக்காலத்தில் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் எழுதி அனுப்பப்பட்ட மடல் இன்றும் கோபன்கேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. நகரின் மேற்கு எல்லையில் உள்ள கோட்டை வாயில் 1792இல் திரும்பக் கட்டப்பட்டது.

1845இல் டேனியர் இவ்வூரை, வங்கத்திலிருந்த தம் குடியிருப்புகளுடன் சேர்த்து, ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். தொடர்வண்டிப் பாதை நாகப்பட்டினத்தை அடைந்தபின் வணிகம் அங்கே நகர்ந்தது. தரங்கம்பாடி அமைதியான சிற்றூராயிற்று. தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, இவ்வூரில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். அச்சுக்கலை, உரைநடை ஆகிய இரண்டின் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர் என்பதால், தமிழ் மாணவர்க்கு இஃது உறவுடைய ஊராகிறது.

காலம் அறிதல்

பயணத்திற்குரிய காலத்தைப் பள்ளி விடுமுறைப் பட்டியல் மட்டும் தீர்மானித்தல் ஆகாது. கடலின் நாட்காட்டியையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

காலாண்டு விடுமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கக் காலத்தில் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் இக்கரையைத் தாக்கும் காலம். அரையாண்டு விடுமுறையின்போது மழை பெரிதும் ஓய்ந்திருக்கும். எனினும் வானிலை அறிவிப்பைப் பாராமல் புறப்படுதல் கூடாது. அவ்விடுமுறையில் டிசம்பர் 26ஆம் நாளும் அடங்கும். 2004ஆம் ஆண்டில் அந்நாளின் காலைப்பொழுதில்தான் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களைத் தாக்கி, எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மீனவ மக்கள் இறந்தோரை நினைந்து கரையில் கூடுகின்றனர். அந்நாளில் கேளிக்கை மனத்துடன் அங்கே நிற்பது, துயர் நிகழ்ந்த வீட்டில் விருந்து கேட்பதற்கு ஒப்பாகும்.

கோடை விடுமுறை நீண்டது, வெயிலும் கடியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்கள் இனப்பெருக்கம் செய்வதன் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குள் செல்லத் தடை உள்ளது. அக்காலத்தில் பெரிய படகுகள் கரையில் ஓய்ந்திருக்கும், மீன்வரத்து குறைந்திருக்கும். மீனவரின் தொழிலை முழுமையாகக் காண விரும்புவோருக்கு அது பொருந்தாது. பொங்கல் விடுமுறை குறுகியதாயினும், தெளிந்த வானமும் மிதமான வெயிலும் உடையது. நான்கையும் ஒப்பிட்டால், சனவரித் திங்களே மூன்று நாள் பயணத்திற்கு ஏற்றது எனலாம்.

தெரிந்து தெளிவோம்
காற்று வீசும் திசையைக் கொண்டு தமிழர் அதற்குப் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கடற்கரையில் பகலில் நிலம் விரைந்து சூடேறுவதால் கடலிலிருந்து நிலம் நோக்கியும், இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் நிலத்திலிருந்து கடல் நோக்கியும் காற்று வீசும். விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பகலில் கடற்காற்றில் கரை திரும்புவது பாய்மரக் காலத்து மீனவரின் முறை.

தங்குமிடமும் செலவும்

தரங்கம்பாடியின் கோட்டைப் பகுதி சிறியது. அங்கே தங்குமிடங்கள் மிகச் சில. பழைய மாளிகைகள் சில விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன. அவற்றின் கட்டணம் எல்லார்க்கும் இயல்வதன்று. மயிலாடுதுறை, காரைக்கால், திருக்கடையூர் ஆகிய அண்டை ஊர்களில் விடுதிகள் மிகுதி. ஆயின் திருக்கடையூர் மணிவிழாவுக்கும் எண்பதாம் ஆண்டு விழாவுக்கும் பெயர்பெற்ற தலமாதலால், நல்ல நாள்களில் அங்கு இடம் கிடைத்தல் அரிது. தொலைவில் தங்கினால் செலவு குறையும். வைகறைக் கடற்கரை கைவிட்டுப்போகும். எதைப் பெற எதை விடுவது என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்தல் நன்று.

விடுதியை உறுதி செய்யுமுன் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்குமா? முதியோருக்குத் தரைத்தள அறை உண்டா? இரவு உணவு அங்கேயே கிடைக்குமா? புயல் எச்சரிக்கையால் பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா? இவற்றுள் கடைசி வினாவைக் கேட்கத் தயங்குவோர் பலர். கடற்கரைப் பயணத்தில் அதுவே முதலில் கேட்க வேண்டிய வினா.

செலவுப் பட்டியலில் போக்குவரத்து, தங்கல், உணவு, நுழைவுக் கட்டணம் என நான்கு தலைப்புகளை எல்லாரும் எழுதுவர். எதிர்பாராச் செலவுக்கென ஐந்தாவது தலைப்பு வேண்டும். ஆறாவதாக, அவ்வூர் மக்களிடமே செலவிடுவதற்கு ஒரு தொகையை ஒதுக்குதல் வேண்டும். எல்லா உணவையும் பொதியாகக் கட்டிச்சென்று, குப்பையை மட்டும் அங்கே விட்டுவரும் பயணத்தால் ஊருக்கு நன்மை இல்லை. அங்குள்ள உணவுக்கடையில் உண்பதும், மீன் விற்கும் பெண்களிடம் முறையான விலை கொடுத்து வாங்குவதும் விருந்தினரின் பங்களிப்பாகும்.

மூன்று நாள்களின் அமைப்பு

முதல் நாள்: விடியற்காலையில் நாமக்கல்லிலிருந்து புறப்பட்டால் பிற்பகலில் ஊரை அடையலாம். வெயில் தாழ்ந்தபின் கோட்டை வாயில் வழியாக நடந்தே நுழைதல் நன்று. பழைய வீதிகளின் வழியே நேரே நடந்தால் கடல் கண்ணெதிரே விரியும். ஆழிப்பேரலைக்குப் பின் மரபுமுறைப்படி சீரமைக்கப்பட்ட பழைய வீடுகளையும் காணலாம்.

இரண்டாம் நாள்: கதிரவன் எழுமுன் கரையில் இருத்தல் வேண்டும். படகுகள் திரும்புவதும் மீன் ஏலம் போவதும் அப்போதுதான். பின்னர்க் கோயிலையும், தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்கும் கோட்டையையும் காணலாம். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளை முன்னரே கேட்டறிதல் தேவை. நடுப்பகல் ஓய்வுக்கு உரியது. மாலையில் ஆலயங்கள், அதன்பின் எதையும் திட்டமிடாமல் விட்ட ஒரு பொழுது. அலையோசையைக் கேட்டபடி வாளாவிருப்பதற்கும் பட்டியலில் இடம் வேண்டும்.

மூன்றாம் நாள்: திருக்கடையூர் வழியாகப் பூம்புகாருக்குச் சென்று, காவிரி கடலோடு கலக்குமிடத்தைக் காணலாம். மோகனூரில் காவிரியைக் கண்டு வளர்ந்த மாணவர், அதன் முடிவை இங்கே காண்கிறார். அங்கு ஆறு வற்றி மெலிந்திருப்பின், இடையில் அந்நீர் எங்கெங்குப் பயிராயிற்று என்பதை வந்த வழியின் வயல்களே சொல்லும். பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை வழியாக ஊர் திரும்பலாம்.

ஆற்றில் நீந்தியவரும் கடலுக்குப் புதியவரே

காவிரியில் நீந்தப் பழகியவர்க்குக் கடலிலும் அச்சமின்மை தோன்றும். அவ்வச்சமின்மையே கேடு. ஆறு ஒரு திசையில் ஓடுவது. அதன் போக்கைக் கண்ணால் காணலாம். கடலிலோ, அலைகள் கரைக்குத் தள்ளிய நீர் ஒடுங்கிய வழியொன்றில் திரண்டு விரைந்து உள்நோக்கித் திரும்பும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவாதலால், மேற்பார்வைக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். புதியவர் அதைத் தேர்ந்து இறங்குவர். கால் நிலைக்குமுன் இழுத்துச் செல்லப்படுவர்.

அந்நீரோட்டத்தை எதிர்த்துக் கரைநோக்கி நீந்தினால் வலிமையுடையோரும் களைத்து மூழ்குவர். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டல் வேண்டும். நீந்த இயலுமாயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைக் கடந்தபின் கரை திரும்புதல் வேண்டும். கரையில் நிற்போர் தாமும் குதியாமல், மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறிந்து, மீனவரை அழைத்தல் வேண்டும். இவையனைத்தினும் மேலான வழி ஒன்று உண்டு. ‘இன்று கடல் எப்படி இருக்கிறது?’ என்று கரையிலுள்ள மீனவரிடம் கேட்பதும், அவர் வேண்டாவென்றால் நீரில் இறங்காமல் திரும்புவதுமே அவ்வழி.

விருந்தினர் கடமை

கரையில் காய்வது வலையன்று. ஒரு குடும்பத்தின் முதலீடு. அதை மிதித்துக் கடத்தலும், கட்டுமரத்தின் மீது செருப்புடன் ஏறி நிற்றலும், இசைவு பெறாமல் மனிதரைப் படம்பிடித்தலும் தவிர்க்கத்தக்கவை. கோட்டைச் சுவரில் பெயரைக் கீறுவோர் நானூறாண்டு வரலாற்றின் மீது கீறுகின்றனர்.

பாண்டியர், நாயக்கர், டேனியர், ஆங்கிலேயர் எனப் பலர் வந்து போன ஊர் தரங்கம்பாடி. கடல் அதன் கோயிலை அரித்தது. பேரலை அதன் மக்களைக் கொண்டது. எனினும் மறுநாள் விடியலில் படகைக் கடலில் தள்ளும் மனிதர்கள் அங்கே உள்ளனர். பழைய ஊரொன்றைக் காப்பதில் அரசுக்கும் அறிஞர்க்கும் பங்குண்டு. இரண்டு இரவு தங்கிச் செல்லும் பயணிக்கும் பங்குண்டு. வந்த சுவடு தெரியாமல் திரும்புவதும், அறிந்ததை நெஞ்சில் ஏந்தித் திரும்புவதும் அப்பயணியின் பங்கு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தார் நால்வர் தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள் தங்குவதற்கான செலவுப் பட்டியலை, பாடத்தில் கூறப்பட்ட ஆறு தலைப்புகளில், இன்றைய கட்டணங்களைக் கேட்டறிந்து உருவாக்குக.
2. தங்கும் விடுதி ஒன்றுக்கு, அறை வேண்டியும் ஐயங்களுக்கு விளக்கம் கேட்டும் கடிதம் எழுதுக.
3. உங்கள் ஊருக்கு வரும் கடற்கரை ஊர் மாணவர்களுக்காக, கொல்லிமலையையும் நாமக்கல் கோட்டையையும் உள்ளடக்கிய மூன்று நாள் பயணத் திட்டம் ஒன்றை அமைக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘தரங்கம்’ என்னும் சொல்லின் பொருள்
அ) கரை ஆ) அலை இ) கோட்டை ஈ) மணல்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) வாடை – தெற்கு ஆ) கொண்டல் – மேற்கு இ) தென்றல் – வடக்கு ஈ) கோடை – மேற்கு

குறுவினா

1. தரங்கம்பாடிப் பயணத்திற்கு இரண்டு இரவுகளேனும் தங்குதல் வேண்டும் எனக் கூறப்படுவது ஏன்?
2. மீன்பிடித் தடைக்காலத்தின் நோக்கம் யாது?

சிறுவினா

1. இங்கிலாந்தின் கடற்கரை ஓய்வூர்கள் வளர்ந்ததற்கும் நலிந்ததற்கும் உரிய காரணங்களை எழுதுக.
2. கடல் நீரோட்டத்தில் சிக்கியவரும் கரையில் நிற்பவரும் செய்ய வேண்டியன யாவை?

நெடுவினா

‘பயணத்தைத் திட்டமிடுதல் என்பது செல்லும் ஊரை மதித்தலின் முதற்படி’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணையுடன் நிறுவுக.